நாம் விற்கும் பாக்கும் உடலின் கொல்லிக் கலங்களும்

ஹட்டனில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. சம்பள நாளில் தோட்டத்து மக்கள் அரிசி, மாவு, பருப்பு எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியாகக் கேட்பது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலைக் குளிரில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது பசியையும் களைப்பையும் மறக்க ஒரு வழி. பாடசாலை விட்டு வந்து நானும் பாக்கு நிறுத்துக் கொடுத்திருக்கிறேன். டிக்கோயாப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா ஒருநாள் கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டி, "நானா, உள்ளுக்கு வெள்ளையா இருக்கு, காரம் பட்டா எரியுது, ஏதும் மருந்து இருக்கா?" என்று கேட்டார். வாப்பா கராம்பு எண்ணெய் கொடுத்தார். கூடவே வழக்கமான வெற்றிலையும் கொடுத்தார்.

இன்று நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். போன தவணை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், கெட்ட கலத்தைக் கொல்ல உடம்புக்கே தெரியும் என்றால், வாய்ப் புற்றுநோய் ஏன் வருகிறது?" நம் நாட்டில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். ஆகவே கேள்வி சாதாரணமானதல்ல.

நம் உடலின் பெரும்பாலான கலங்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டிருக்கும். கொல்லி டி கலம் அவற்றைத் தொட்டுப் பார்த்தபடி சுற்றும். வைரஸ் புகுந்த கலமோ, மரபணு கெட்டுப்போன கலமோ அந்நியமான ஒரு துண்டைக் காட்டினால் அதோடு ஒட்டிக்கொள்ளும். கொல்லிக் கலத்துக்குள் சிறு பைகள் உண்டு. அவை ஒட்டிய பக்கத்துக்கு நகர்ந்து இரண்டுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் திறக்கும். பையிலுள்ள பெர்போரின் என்ற புரதம் எதிர்க்கலத்தின் சவ்வில் துளை போடும். துளை மட்டும் போதாது. அதன் வழியாகக் கிரான்சைம் எனப்படும் நொதியங்கள் உள்ளே போக வேண்டும். இவை புரதத்தை வெட்டும் கத்தரிகள். மனிதரில் ஐந்து வகை உண்டு.

அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது கிரான்சைம் பி. அது கண்டபடி வெட்டாது. புரதச் சங்கிலியில் அஸ்பார்ட்டிக் அமிலம் வரும் குறிப்பிட்ட இடங்களைத் தேடி வெட்டும். கலத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் கஸ்பேஸ் என்ற இன்னொரு கத்தரிக் கூட்டத்தை அந்த வெட்டு எழுப்பிவிடும். இழைமணிகள் கசியும், டி.என்.ஏ. துண்டாகும், கலம் சிறு பொட்டலங்களாக உடையும். துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். பக்கத்துக் கலங்களுக்குப் பெரிய சேதமில்லை. கொல்லிக் கலம் அடுத்த கலத்தைத் தேடிப் போகும்.

தன் கத்தரி தன்னையே வெட்டாதபடி கொல்லிக் கலம் ஒரு மாற்று மருந்தும் வைத்திருக்கிறது. பிஐ-9 என்ற புரதம் அது, கிரான்சைம் பி-யைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். சில புற்றுநோய்க் கலங்களும் இதே புரதத்தை உற்பத்தி செய்துகொள்கின்றன. வேறு சில, கொல்லிக் கலத்தின் 'பிரேக்'கை அழுத்திவிடும். அந்த பிரேக்கைத் தளர்த்தும் சிகிச்சைக்கு வழி திறந்ததற்காகவே ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தின் விலை லயத்துக் குடும்பத்துக்கு எட்டாது.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். காவலாளி திறமைசாலிதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கலத்தைத்தான் கொல்வார். நாமோ தினமும் பத்துத் தடவை கன்னத்தில் பாக்கை அடக்கி, கெட்ட கலங்களுக்கு வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவற்றில் ஒன்று ஒளியக் கற்றுக்கொண்டால் போதும்.

புகையிலை சேர்க்காவிட்டால் பயமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை இல்லாத வெற்றிலைக் கலவையும், தனிப் பாக்கும் கூட மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று திட்டமாகச் சொல்கிறது.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். எல்லாத் திட்டும் புற்றுநோயாகாது, ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பல் வைத்தியர். டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்டத்தில் இருக்கிறது. மேலதிகப் பரிசோதனைக்குப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு ரயிலிலேயே போகலாம். தொழிலாளிக்கு ஒரு நாள் பேர் போய்விடும் என்பதுதான் கஷ்டம். அதனாலேயே பலர் வலி வந்த பிறகுதான் போகிறார்கள். ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை.

மலையக நகரங்களில் இந்தச் சாமான் நம்மவர் கடைகளிலும் விற்கிறது. வாடிக்கையாளரின் வாயில் வரும் மாற்றத்தை வைத்தியருக்கு முன் காண்கிறவர் பல நேரம் கடைக்காரர்தான். "கராம்பு எண்ணெய் வேண்டாம், கிளினிக்குக்குப் போங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

வாப்பாவின் கடையை இப்போது தம்பி நடத்துகிறான். புகையிலையை நிறுத்திவிட்டான். பாக்கை நிறுத்தினால் ஆட்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், அரிசியையும் அங்கேயே வாங்குவார்கள் என்கிறான். எங்கள் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.