ரஷ்டன் முக்கோண மனை

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், ரஷ்டன் மாளிகைக்குரிய நிலத்தின் ஓரமாக நிற்கும் சிறு கட்டடம் ரஷ்டன் முக்கோண மனை. மாளிகையின் உடைமையாளர் சர் தாமஸ் டிரெஷாம் தாமே வகுத்த திட்டப்படி 1593 முதல் 1597 வரை இது எழுந்தது. முயல் வளர்ப்பைக் கவனித்த காவலருக்கான வீடு என்பதே இதன் வெளிப்படையான பயன். முயலின் இறைச்சியும் தோலும் அன்று நல்ல வருவாய் தந்தவை. ஆயினும் காவலர் ஒருவருக்கு இத்தனை வேலைப்பாடு வேண்டியதில்லை.

புராட்டஸ்டன்டாக வளர்ந்த டிரெஷாம் 1580இல் கத்தோலிக்க சமயத்துக்கு மாறினார். முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் அது ஆபத்தான முடிவு. ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு வராதவருக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் என 1581ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கத்தோலிக்கப் பாதிரியார் எட்மண்ட் கேம்பியனுக்கு இடமளித்த குற்றச்சாட்டில் டிரெஷாம் சிறைப்பட்டார். அடுத்த பல ஆண்டுகளைச் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கழித்தார். 1593இல் விடுதலையானதும் தொடங்கிய வேலையே இம்மனை.

தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுள் கோட்பாடே கட்டடத்தின் இலக்கணம். மூன்று சுவர்கள், ஒவ்வொன்றும் 33 அடி, மூன்று தளங்கள், சுவருக்கு மூன்று முகடுகள், ஒவ்வொரு சுவரிலும் தளத்துக்கு மூன்று சன்னல்கள். உள்ளே தளந்தோறும் அறுகோண அறை ஒன்று. மூலைகளில் எஞ்சிய முக்கோணங்கள் சிற்றறைகளாயின. வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல்லும் கருமை கலந்த கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டதால் சுவர்களில் பட்டை பட்டையாக நிறம் ஓடுகிறது. கூரையின் நடுவிலுள்ள புகைபோக்கிக்கும் மூன்று பக்கங்களே.

சுவருக்கு ஒன்றாக விவிலியம் சார்ந்த இலத்தீன் வாசகங்கள் சுற்றி ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 33 எழுத்துகள். வாசலின் மேலுள்ள வாசகம் மூவர் சான்று பகர்வதைச் சொல்கிறது. அதன் முதற்சொல்லான ‘டிரெஸ்’, மூன்று என்று பொருள்படுவதோடு, மனைவி கடிதங்களில் டிரெஷாமை அழைத்த செல்லப்பெயரும் ஆகும். பக்தியில் சற்றே தற்பெருமையும் கலந்திருந்தது போலும். முகடுகளில் 1626, 1641 என அன்றைக்கு வராத ஆண்டுகளும் உள்ளன. 1593ஐக் கழித்தால் 33, 48 வரும். இவை இயேசுவும் மரியாளும் மறைந்த ஆண்டுகளைக் குறிப்பதாக ஆய்வாளர் விளக்குவர். வாசலுக்கு மேலுள்ள 5555க்கோ எல்லாரும் ஏற்ற விளக்கம் இல்லை.

டிரெஷாம் 1605 செப்டம்பரில் இறந்தார். மன்னரைக் கொல்லத் தீட்டிய அதே ஆண்டின் வெடிமருந்துச் சதியில் சிக்கிய அவர் மகன் பிரான்சிஸ் டிசம்பரில் இலண்டன் கோபுரச் சிறையில் மாண்டார். குடும்ப ஆவணங்கள் ரஷ்டன் மாளிகைச் சுவருக்குள் மறைக்கப்பட்டு, 1828இல்தான் வெளிப்பட்டன. முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இம்மனையை இன்று இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது.