ஐந்து மைல் வேலை

காலையில் காட்பாடி சந்திப்பில் நின்றால், ரயில்கள் இரண்டு பக்கமும் ஆட்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். சென்னைப் பக்கம் போனால் வாலாஜா ரோடு, அங்கே இறங்கினால் ராணிப்பேட்டையின் தோல் பதனிடும் ஷாப்புகள். ஜோலார்பேட்டைப் பக்கம் குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் தாண்டி ஆம்பூர், அதற்கப்பால் வாணியம்பாடி. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தண்டவாளம் மேற்கே நீண்ட பிறகு, பாலாற்றங்கரைத் தோல் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர வழி சுலபமானது. காட்பாடியிலிருந்து ஆம்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வேலைக்காக அந்தத் தூரத்தைத் தினமும் போய்வருகிறவர்கள் இங்கே உண்டு. வேலை நின்றுபோனவருக்குச் சட்டம் குறித்த தூரம் மட்டும் ஐந்து மைல்.

அந்த ஐந்து மைல் 1953இல் வந்தது. பஞ்சாலைகளில் சரக்கு தேங்கி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடம் அது. அக்டோபரில் அவசரச் சட்டம், அதன் பிறகு தொழில் தகராறுச் சட்டத்தில் திருத்தம். வேலை கொடுக்க முடியாமல் லே-ஆஃப் செய்தால், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைக் கொடுக்க வேண்டும் என்றது அது. நல்ல சட்டம்தான். அதுவரை இந்த நாட்டில் அப்படியொரு பாதுகாப்பு சட்டமாக இருந்ததில்லை.

ஆனால் 25-இ என்ற பிரிவு அந்தப் பாதிச் சம்பளத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. அதே ஆலையிலோ, அதே முதலாளிக்கு அதே ஊரில் அல்லது ஐந்து மைல் சுற்றளவில் இருக்கும் வேறு ஆலையிலோ மாற்று வேலை கொடுத்தால் தொழிலாளி அதை ஏற்க வேண்டும். மறுத்தால் பாதிச் சம்பளம் கிடையாது. அந்த வேலை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? தனித் திறமையோ முன் அனுபவமோ தேவைப்படாததாக, அவரால் செய்யக் கூடியதாக இருந்தால் போதும். அப்படித்தான் இருக்கிறதா என்று தீர்மானிப்பதும் முதலாளியின் கருத்து. வழக்கமான சம்பளம் குறையக் கூடாது என்று சட்டம் காவல் போட்டது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கூலிக்குக் காவல் இருந்தது, தொழிலுக்கு இல்லை. இருபது வருடம் ஒரே கத்தி பிடித்தவரை உப்புத்தோல் மூட்டை தூக்கச் சொன்னால், அவர் மறுப்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இருக்கவில்லை.

அந்தக் கத்தி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இழப்பின் அளவு புரியும். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் கிடத்தி, மயிர் நீக்கி எடுத்த பிறகு சதை சீவும் வேலை. உருண்ட மரக்கட்டையின் மேல் ஈரத்தோலை விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் மேலிருந்து கீழே தள்ள வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் சதை ஒட்டி நிற்கும், பட்டைச் சாறு உள்ளே இறங்காது. ஆட்டுத்தோலுக்கு ஒரு கை, மாட்டுத்தோலுக்கு வேறு கை. கழுத்துப் பக்கம் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெலிவு. இதையெல்லாம் கண் பார்த்துச் சொல்வதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். இந்த வேலையைப் பெரும்பாலும் தலித் தொழிலாளர்களே செய்தார்கள். ஊரார் அதைத் தாழ்ந்த வேலை என்று ஒதுக்கினார்கள். ஒரு கைத்தொழிலுக்கு உரிய மரியாதையை அதற்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. சட்டம் எழுதியவர்களின் கண்ணுக்கும் அது ‘திறமை’யாகத் தெரிந்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 50 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு லே-ஆஃப் ஈட்டுத் தொகைப் பிரிவுகள் பொருந்தவில்லை. பாலாற்றங்கரையில் நாலு குழியும் இருபது ஆளுமாக நடந்த சிறிய ஷாப்புகள் ஏராளம். அங்கே வேலை நின்றால் பாதிச் சம்பளமும் இல்லை, ஐந்து மைலும் இல்லை.

தொழிலே தலைகீழாக மாறிய காலம் 1970கள். அதுவரை ஆவாரம்பட்டையில் பதனிட்ட, ‘ஈஸ்ட் இந்தியா’ என்று பெயர் பெற்ற பாதிப் பக்குவத் தோல்தான் இங்கிருந்து கப்பலேறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதும் அதுதான். தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா வந்தது. முழுதாக முடித்த தோலும் செருப்பும் ஷூவுமாக அனுப்பினால் நாட்டுக்கு வருமானம் கூடும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஆம்பூர் ஷூ நகரமானது அதனால்தான். ஆனால் குரோம் டிரம்மும் மெஷினும் வந்த இடத்தில் பட்டைக் குழிக்காரரின் அனுபவத்துக்கு விலை இறங்கியது. அவர் டிரம் பக்கத்தில் ஹெல்பராக நிற்கலாம், இல்லாவிட்டால் வெளியேறலாம்.

பிறகு, தோல் ஆலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக வழக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பளித்தார். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும். பாலாறு கெட்டது உண்மை, கிணறுகள் உப்பும் குரோமியமுமாகிப் போனதும் உண்மை. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அதே ஆண்டு ஜூலை 8 அன்று, அதே நீதிபதி, வேலூர் வழக்கிலும் வாதாடிய அதே வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவின் வாதத்தைக் கேட்டு டெல்லியில் 168 ஆபத்தான தொழிற்சாலைகளை மூடவோ இடம் மாற்றவோ உத்தரவிட்டிருந்தார். கெடுவும் அதே நவம்பர் 30. அந்த உத்தரவில் தொழிலாளிக்கென்று தனிப் பத்திகள் இருந்தன. ஆலை இடம் மாறினால் வேலை தொடர வேண்டும், ஓராண்டுச் சம்பளம் போனஸாக வேண்டும். ஆலை மூடினால் சட்டப்படியான ஈட்டுத் தொகைக்கு மேல் கூடுதல் சம்பளம். வேலூர்த் தீர்ப்பின் உத்தரவுகளில் அப்படியொரு பத்தி இல்லை. விவசாயிகளின் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது, ஈட்டுத் தொகை பெற வேண்டிய பல ஆயிரம் பேரை அது அடையாளம் கண்டது. அவர்களுக்கான வழக்கு 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு கண்டது. வேலை நின்றுபோன சதை சீவும் கைகளை அப்படி யாரும் எண்ணவில்லை. கையில் கிடைத்ததைப் பிடித்தார்கள்: பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி, கட்டட வேலை, இரவுக் காவல்.

பொருந்தாத வேலையை மறுக்கும் உரிமை எட்டாக்கனி அல்ல. பிரிட்டனில் 1911இல் காப்பீட்டுச் சட்டம் வந்து வாரம் 7 ஷில்லிங் கொடுத்தபோதே, தன் வட்டாரத்தில் வழக்கமாக வாங்கிய கூலிக்குக் குறைந்த வேலையை மறுத்தால் தொகை போகாது என்று எழுதினார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 168ஆம் உடன்படிக்கை இன்னும் தெளிவாகப் பேசியது. ஒரு வேலை பொருத்தமானதா என்று பார்க்கும்போது வயது, பழைய தொழிலில் இருந்த காலம், சேர்த்த அனுபவம், குடும்ப நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. இந்தியா அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

இங்கே அரசு உதவிகள் வேறு அளவுகோலோடு வந்தன. தமிழ்நாட்டின் வேலையற்றோர் உதவித்தொகை சான்றிதழைப் பார்க்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பள்ளிக்கூடம் போகாமல் பதினான்கு வயதில் குழியில் இறங்கியவருக்கு இந்தப் பட்டியலில் வரிசையே இல்லை. இ.எஸ்.ஐ. கழகம் 2005 ஏப்ரலில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தைத் தொடங்கியது. ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்குச் சராசரிக் கூலியில் பாதி, ஆரம்பத்தில் ஆறு மாதம். 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி திட்டம் வந்தது: கூலியில் கால் பங்கு, 90 நாள், வாழ்நாளில் ஒரே முறை.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் இன்று தையல் மெஷின் முன்னே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓரம் மெலிவாகச் சீவி, மடித்து, கோணாமல் அப்பர் தைக்கிற கை ஒரே மாதத்தில் வந்துவிடாது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்ததும் அந்த மெஷின்கள் நின்றன. ஆகஸ்டில் மத்திய அரசு அடல் திட்டத்தின் கால் பங்கை அரைப் பங்காக்கியது. மாதம் 12,000 ரூபாய் வாங்கிய தையல்காரிக்கு நாள் கூலி 400 என்று வைத்தால், 90 நாளுக்கும் சேர்த்து 18,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பேச்சு திரும்பவும் ஆம்பூரில் எழுந்தது. அந்த 18,000ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டவர் இன்னொரு முறை விண்ணப்பிக்க முடியாது.