ஆடும் தலைக்கு ஒரு விசிறி

"அஞ்சு நிமிஷம் அசையாம படுங்க" என்பார் டெக்னீசியன். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். உள்ளே காதருகே கடகடவென்று இரைச்சல், மூக்கு நுனியில் அரிப்பு, தொண்டையில் எச்சில். தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், மண்டையோட்டின் ஓரம் நாலைந்து வளைகோடுகளாக மூளையின்மேல் படிந்துவிடும். ஸ்கேன் அறைப் பேச்சில் இதற்குப் பெயர் ‘கோஸ்ட்’.

எம்.ஆர்.ஐ. கேமரா மாதிரி ஒரே சொடுக்கில் படம் பிடிப்பதில்லை. உடலிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையை வரிவரியாகச் சேர்த்து, கடைசியில் கணக்குப் போட்டுப் படமாக்குகிறது. நடுவில் தலை திரும்பினால் பாதி வரிகள் ஒரு தலையையும் மீதி வரிகள் இன்னொரு தலையையும் சொல்லும்.

ஆரம்பத்தில் இந்த வரிக்கணக்கே இல்லை. 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட முதல் படம், தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்களைப் பல கோணங்களில் பார்த்துச் சேர்த்தது. 1975இல் அனில் குமார், வெல்ட்டி, எர்ன்ஸ்ட் மூவரும் சூரிச்சிலிருந்து, வரிவரியாகச் சேர்க்கும் ஃபூரியர் முறையைக் கொடுத்தார்கள். 1980இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் குழு அதை ‘ஸ்பின் வார்ப்’ என்று மெருகேற்றியது. காந்தப்புலம் சற்றுக் கோணலாக இருந்தாலும் தாங்கும் முறை. மருத்துவமனைகள் அதையே பிடித்துக்கொண்டன. கோணம் மாற்றிப் பார்க்கும் பழைய வழி ஓரங்கட்டப்பட்டது.

அதைத் திரும்ப அழைத்து வந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் பைப். 1999இல் வந்தது அவர் கட்டுரை. சில இணைவரிகளை ஒரு பட்டையாகக் கட்டி, ஒரு நொடிக்குள் எடுத்துவிடுவது. பிறகு பட்டையை நடுப்புள்ளியில் வைத்துக் கொஞ்சம் திருப்பி அடுத்தது. சுற்று நிறையும்போது பார்த்தால் விசிறி இறக்கைகள். பெயரும் பிரொப்பெல்லர்தான். (ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளை இழுத்துப் பிடித்துக் கட்டிய பெயர், இழுத்த இழுப்பு தெரியும்.)

சூட்சுமம் நடுவில் இருக்கிறது. தரவின் நடுப்பகுதியில்தான் படத்தின் பெரிய உருவம் குடியிருக்கும். ஒவ்வொரு பட்டையும் அதைக் கடந்துதான் போகிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் மங்கலான ஒரு முழுத்தலை கிடைக்கிறது; அவற்றை ஒப்பிட்டால் தலை எப்போது எவ்வளவு ஆடியது என்று தெரிந்துவிடும். தலை திரும்பினால் தரவும் அதே அளவு திரும்பும். வெறுமனே நகர்ந்தால் சமிக்ஞையின் வலிமை மாறாது, அலையின் கட்டம் மட்டும் மாறும். அதனால் திருப்பத்தை முதலில் நேராக்கி, நகர்வைப் பிறகு சரிசெய்யலாம். படத்தளத்தை விட்டே விலகும்படி தலை ஆடிவிட்டால் அப்படித் திருத்த முடியாது. அந்தப் பட்டையின் பேச்சுக்கு மதிப்பைக் குறைத்துவிடுகிறார்கள்.

நடுப்பகுதியைத் திரும்பத் திரும்ப அளப்பதால் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். சும்மா இருக்க முடியாதவரை இன்னும் கொஞ்சம் படுக்கச் சொல்லும் வைத்தியம் இது. ஆனாலும் ஜி.இ. இதே பெயரில் விற்றது. சீமென்ஸ் ‘பிளேடு’ என்றது, பிலிப்ஸ் ‘மல்டிவேன்’ என்றது. நடுங்கும் பெரியவரோ மூன்று வயதுக் குழந்தையோ மேசையில் ஏறினால், டெக்னீசியனின் கை அந்தப் பொத்தானைத் தேடுகிறது.