கொடுக்காப்புளி வந்த வழி

புதுச்சேரிப் பக்கத்துத் தோட்ட வேலிகளில் ஒரு காலத்தில் கொடுக்காப்புளி நிறைய இருந்தது. பெயரில் புளி இருப்பதால் நம் மண்ணின் மரம் என்றே பலரும் நினைக்கிறோம். அதன் பிறப்பிடம் மெக்சிகோவும் அதையடுத்த நாடுகளும். அங்கே அதற்கு 'குவாமுச்சில்' என்று பெயர். 1565 முதல் 1815 வரை அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியர் கப்பல்கள் ஓடின. அந்தத் தொடர்பால் பிலிப்பைன்ஸ் போய் 'கமாச்சிலே' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'மணிலாப் புளி' என்பதற்கும் இதுவே காரணம்.

நம் சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்த ராக்ஸ்பர்க், 1798-ல் 'டுல்சிஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் இனிப்பு என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'தூ' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

இப்போது முள்ளைக் கண்டாலே சீமைக்கருவேலம் என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டுமுன் இலையைப் பாருங்கள். சீமைக்கருவேல இலை இறகுபோல் பொடிப்பொடியாக இருக்கும். கொடுக்காப்புளியில் ஒரு காம்பு இரண்டாகப் பிரிந்து, மொத்தம் நான்கே சிற்றிலைகள். இலையடியில் ஜோடி முள். காய் சுருண்டிருக்கும். இலந்தையிலும் ஜோடி முள் உண்டு. ஆனால் ஒன்று நேராக, மற்றது கொக்கியாக இருக்கும்.

வளர்ப்பது சுலபம். பழம் தின்றபின் கறுப்பு விதையைக் கழுவி உடனே ஊன்றினால் சில நாளில் முளைத்துவிடும். உள்தோல் கீறாமல் கறுப்புத் தோலை உரித்தால் பரீட்சையில் பாஸ் என்று நாம் நம்பிய அதே விதைதான். பேரப்பிள்ளைகளிடம் உரிக்க ஒன்று கொடுங்கள், ஊன்ற ஒன்று கொடுங்கள்.