திருச்சி சுருட்டும் சிறுநீரில் ஒரு தடயமும்

"ஒரே ஒரு தடவை யூரின் சிவப்பாப் போச்சு டாக்டர். வலியே இல்ல. உடம்புச் சூடுன்னு இளநீர் குடிச்சேன், நின்னுடுச்சு."

பாலக்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லி இதை நிறையக் கேட்டிருக்கேன். அந்த 'நின்னுடுச்சு'தான் எனக்குப் பயம். ஏன்னு சொல்ல ஒரு பழைய கதை.

1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளி சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். நம்ம உறையூர்ச் சுருட்டுக்கு அவ்வளவு பேர். பெருமைதான். ஆனா அந்தப் புகை தரையில் மட்டும் தடயம் விடலை.

1895-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற சர்ஜன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதினார். காரணம் அரோமாட்டிக் அமீன்கள் என்பது பின்னால் தெரிந்தது. சாயப்பட்டறைக்கே போகாதவருக்கும் இதே வகை ரசாயனம் கிடைக்கும். சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாத்துலயும் இருக்கு. புகையிலிருந்து ரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் வடிகட்டும், பிறகு மணிக்கணக்கா சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கும். வருஷக்கணக்கில் அந்தச் சுவர் அதில் ஊறுது.

அங்கே கட்டி முளைத்தால், அதன் செல்கள் உதிர்ந்து சிறுநீரோடு வெளியே வரும். 1856-லேயே பிராக் நகரில் லாம்பல் என்ற மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் இவற்றைப் பார்த்து எழுதிவிட்டார். கிட்டத்தட்ட 90 வருஷம் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1945-ல் பாப்பனிகொலாவ் (ஆமா, கர்ப்பப்பை வாய்க்கான 'பாப் ஸ்மியர்' அவரேதான்), மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இதை முறையான பரிசோதனையாக்கினார். கத்தி வேண்டாம், குழாய் வேண்டாம். ஒரு டப்பா சிறுநீர் போதும்.

"நம்ம தேரையர் நீர்க்குறி, நெய்க்குறி அப்பவே சொல்லலையா?"ன்னு கமெண்ட் வரும், தெரியும். சிறுநீரில் நல்லெண்ணெய்ச் சொட்டு விட்டு, அது பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் பரவினால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என்று பார்த்தார்கள். சிறுநீர் பேசும் என்ற எண்ணம் நம்மகிட்ட பழசு. ஆனா புற்றுநோய் செல்லை எண்ணெய்ச் சொட்டு காட்டாது.

பாப்பனிகொலாவ் முறைக்கும் ஓட்டை உண்டு. தீவிர வகைக் கட்டியை நல்லாப் பிடிக்கும். மெதுவா வளரும் வகையின் செல்கள் சாதாரண செல் போலவே இருக்கும், தப்பிவிடும். பிறகு வந்த புரதப் பரிசோதனைகளும், குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் பரிசோதனைகளும் உதவுது. ஆனாலும் ரத்தம் போனவருக்கு யூரின் ரிப்போர்ட் 'நார்மல்'னு வந்தா அதோட விடக்கூடாது. ஸ்கேனும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் தேவையான்னு யூராலஜிஸ்ட் முடிவு பண்ணணும். கட்டி விட்டு விட்டுத்தான் கசியும். ரத்தம் நின்னா கட்டி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

செல் பரிசோதனைக்குக் கொடுக்கிறவங்க ஒண்ணு கவனிங்க: நெய்க்குறிக்கு விடியற்காலை முதல் சிறுநீர் கேட்பாங்க, இதுக்கு அது வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறின செல்கள் சிதைஞ்சிருக்கும். அடுத்த தடவை போறதைப் பிடிச்சு, சீக்கிரமா லேபில் கொடுங்க.