கார் ரேடியேட்டர் கம்பெனி இதய ஆபரேஷனுக்குள் வந்த கதை

1/ பந்தல்குடி வழியா தூத்துக்குடி போற ரோட்டுல, சித்திரை வெயில்ல சூடேறிப்போய் நிக்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. அதுல இருக்கிற ரேடியேட்டருக்கு இதய அறுவை சிகிச்சை வரலாற்றுலயும் ஒரு பங்கு உண்டு. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

2/ இதயத்துல ஓட்டையோட பிறக்கும் குழந்தைக்கு அதை அடைக்கணும்னா, ரத்த ஓட்டத்தை நிறுத்தி இதயத்தைத் திறக்கணும். சாதாரண உடல் சூட்டில், ரத்தம் இல்லாம மூளை தாங்குறது ஏறக்குறைய 4 நிமிடம்தான்.

3/ உடம்பைக் குளிர்வித்தால் ஆக்சிஜன் தேவை குறையும் என்று 1950-ல் கனடாவின் டாக்டர் பிகலோ நாய்களிடம் காட்டினார். 1952 செப்டம்பர் 2. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டாக்டர் ஜான் லூயிஸ் 5 வயதுச் சிறுமியைக் குளிர் போர்வையால் சுற்றி 28 டிகிரிக்குக் கொண்டுவந்தார். ஐந்தரை நிமிடத்தில் ஓட்டையைத் தைத்து முடித்தார். குழந்தை பிழைத்தாள்.

4/ ஆனா தோல் வழியா குளிர வைக்க மணிக்கணக்காகும். திரும்பச் சூடேற்றவும் அப்படித்தான். 28-க்குக் கீழே போனா இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும் ஆபத்தும் அதிகம்.

5/ 1953-ல் டாக்டர் கிப்பனின் இதய-நுரையீரல் இயந்திரம் வெற்றி பெற்றது. இப்போ ரத்தமே உடம்புக்கு வெளியே ஓடுது. அப்போ ரத்தத்தையே நேராகக் குளிர்விக்கலாமே?

6/ டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஐவன் பிரவுன் இதுக்காகக் கைகோத்தது, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் செய்த ஹாரிசன் பிரிவின் பொறியாளர்களோடு! சன்னமான துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களின் கட்டு. உள்ளே ரத்தம், வெளியே தண்ணீர். 1958-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 'பிரவுன்-ஹாரிசன்' கருவி என்றே பெயர் நிலைத்தது.

7/ ஏன் சன்னக் குழாய்? 2 செ.மீ. குழாய் ஒண்ணுக்குப் பதிலா 2 மி.மீ. குழாய் 100 வைங்க. கொள்ளும் ரத்தம் அதே அளவு. ஆனா சுவரின் பரப்பு 10 மடங்கு. வெப்பம் அந்தச் சுவர் வழியாத்தான் கடக்கணும். 12 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஒரு லிட்டர் அளவுதான். கருவி பெரிசா இருந்தா குழந்தைக்கு ரத்தம் எங்கே மிஞ்சும்?

8/ அதுக்காக ரொம்பவும் சன்னமாக்கவும் முடியாது. நெருக்கித் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும். அவசரமாகச் சூடேற்றினால் ரத்தத்தில் கரைந்த வாயு குமிழாகும். குமிழ் மூளைக்குப் போனால் ஆபத்து. தண்ணீர் 42 டிகிரியைத் தாண்டினால் ரத்தமே கெடும்.

9/ 1960-களின் தொடக்கத்தில் வேலூர் சிஎம்சியில் திறந்த இதய அறுவை சிகிச்சை வந்தது. இன்று ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றுவதும் சூட்டை மாற்றுவதும் ஒரே சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் நடக்குது.

10/ இதே கணக்கை 1981-ல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேனும் பீஸும் சிலிக்கான் சில்லில் போட்டார்கள். ஏறக்குறைய 50 மைக்ரான் அகல வாய்க்கால்களில் தண்ணீர் விட்டு, ஒரு சதுர செ.மீ.யிலிருந்து 790 வாட் வெப்பத்தை வெளியேற்றினார்கள். நம்ம தந்துகிகள் அதைவிடச் சன்னம், 10 மைக்ரானுக்கும் கீழே!

11/ கடைசியா ஒண்ணு. பால் குடிக்கும்போதே வியர்த்து மூச்சு வாங்குற, எடை ஏறாத, உதடு நீலமாகுற குழந்தையை "சரியாப்போயிடும்"னு வீட்டுல வச்சிருக்காதீங்க. அங்கன்வாடிக்கு வரும் பரிசோதனைக் குழுவிடம் காட்டுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் இதய அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கு.