தனுஷ்கோடிக் கப்பலும் திருச்சியும்

திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே, 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையைத் தொடங்கியது. 'போட் மெயில்' ரயிலில் வந்தவர்கள் துறையிலேயே கப்பல் ஏறினர். திருச்சி, ஸ்ரீரங்கம் மக்களுக்குக் கொழும்பு ஏறத்தாழ ஒரு நாள் பயணமாயிற்று.

கப்பலின் பின்னணியில் வேறோர் ஏற்பாடும் இயங்கியது. இலங்கைத் தோட்டத் துரைமார் 1904இல் அமைத்த தொழிலாளர் ஆணையகமும் திருச்சியிலிருந்தே செயல்பட்டது. கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள், தோட்ட எண் பொறித்த தகரத்துண்டைக் கழுத்தில் அணிந்து சென்றனர். மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, மருத்துவச் சோதனைக்குப் பின்பே கப்பலேற்றினர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ராமேஸ்வரம் வழியாகத் திரும்பியோரை முதலில் தங்கவைத்ததும் அதே மண்டபம் முகாமில்தான்.